ஜூன் ஒண்ணாம் தேதிப் பிள்ளை

ஐப்பசி 10, திங்கள்

விடிஞ்சதுல இருந்து மூடாக்கு. தூறல்கூட இல்ல. பிரஷர் மாத்திரை தீர்ந்துட்டு. கேஸ் புக் பண்ணணும். மாடித் தொட்டி மூடிக்குக் கொத்தனாரை மூணு தடவை கூப்பிட்டாச்சு. வாரேன் வாரேங்கான், வரக் காணோம்.

பதினோரு மணிக்கு முனியசாமி வந்தான். எப்போதும்வென்றான் பக்கம் ஓராசிரியர் பள்ளிக்கூடத்துல நான் இருந்தப்ப அஞ்சாப்பு வரை எங்கிட்ட படிச்சவன். ஆட்டுக்காரர் வீட்டுப் பையன். இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். மஞ்சப்பை நிறையக் காகிதம். குதிரைவாலி உமி நீக்குற மெசின் வாங்க, இளைஞர் தொழில் திட்டத்துல மனு போடப் போறானாம். மெசின் வைக்கச் செட்டு போட்டாச்சு. கரண்டுக்கும் எழுதிக் கொடுத்தாச்சு.

"தோலோட வித்துட்டு, அரிசியை இங்கன கோவில்பட்டிக் கடையில வந்து வாங்குதோம் டீச்சர். கிறுக்குத்தனம்லா?"

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்தான் ஊர். மெசின் வந்துட்டா பிள்ளைகளோட இருந்துக்கிடுவேன்னான். சின்னவ அவனைப் பார்த்தா அழுதாளாம், யாரோன்னு.

காகிதத்தை ஒவ்வொண்ணாப் பார்த்தேன். வயசு முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. டி.சி.யில பிறந்த தேதி ஜூன் 1. போன ஜூன்லயே முடிஞ்சுட்டு. எழுத்து என்னோடது.

"எங்கம்மா நான் அதுக்கடுத்த மாசியில பொறந்தேன்னுல்லா சொல்லுவா. அப்படிப் பார்த்தா முடியலைல்லா டீச்சர்?"

"நாளைக்கு ஆபீஸுல போய்க் கேப்பம்லே"ன்னேன். அவன் போனப்புறம் பார்த்தா, அவனுக்குக் கொடுத்த காபிக்குச் சீனியே போடலை. சொல்லாமக் குடிச்சிருக்கான்.

ஐப்பசி 11, செவ்வாய்

ஆபீஸ். மூணு மாடி, லிப்ட் ரிப்பேர். முட்டு வலி. சுவர் பூராவும் சிரிக்கிற இளைஞர்கள் போஸ்டர். அதுக்குக் கீழ பெஞ்சுல சிரிக்காத இளைஞர்கள்.

ஆபீசர் சின்னப் பொண்ணு. நல்ல பிள்ளை, எழுந்து நின்னு பேசுச்சு. திட்டத்துக்கு ஆள் சேரலைன்னு மேல இருந்து திட்டுதாங்களாம். வந்த ஆளைச் சேக்க இந்தப் பிள்ளைக்கு வழியில்லை. ஜூன் 1ன்னு அடிச்சதும் கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டிட்டு.

"சிஸ்டம் எடுக்காதும்மா. பிறப்புச் சர்டிபிகேட் இருக்கா?"

வீட்டுல பொறந்தவன். பதியலை.

"பள்ளிக்கூடத்துல சேத்த டீச்சரே தேதி தப்புன்னு எழுதிக் கொடுத்தா, வெச்சு மேல அனுப்பிப் பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

முனியசாமி என்னைப் பார்க்கலை. ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னான். நான் பேனா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தேன். சேத்த டீச்சர் நான்தான்னு சொல்லலை. சீ.

ஐப்பசி 12, புதன்

இங்கயாவது உள்ளதை எழுதுவோம்.

அந்த வருசம் பள்ளிக்கூடத்துல ரெண்டு பிள்ளை குறைஞ்சது. இழுத்து மூடிருவோம்னு கடுதாசி. மூடினா எனக்கு எங்கயோ மாறுதல். மகன் கைப்பிள்ளை. வீடு வீடா ஏறி இறங்கினேன். வயசு தெரியாத பிள்ளைக்கு ஒரே சோதனை, வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடணும். தொட்டா அஞ்சு வயசு. முனியசாமிக்கு ரெண்டு விரக்கடை எட்டலை. தலையைப் பிடிச்சுச் சாச்சேன். தொட்டுட்டான். பல்லைக் காட்டிச் சிரிச்சான். ஜூன் 1ன்னு எழுதினேன். அந்த ஊர்ல பாதிப் பிள்ளைக்கு அதுதான் பிறந்த நாள்.

ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும்னுதான் செஞ்சேன்னு இத்தனை வருசமும் சொல்லிக்கிட்டேன். பொய். மாறுதலுக்குப் பயந்து செஞ்சேன். அந்தப் பள்ளிக்கூடத்தையும் பிறகு மூடிட்டாங்க. இப்ப அதுல மக்காச்சோள மூட்டை.

கடுதாசி எழுதிட்டேன். ஒரு பக்கம். கையெழுத்தும் போட்டாச்சு. பர்சுல இருக்கு.

சாயங்காலம் மகன் போன்ல, சென்னையில இருந்து. "உங்களுக்கு என்ன கிறுக்கா? பொய்யா எழுதினேன்னு நீங்களே எழுதிக் கொடுப்பீங்களா? பென்சன்ல கை வெச்சிருவாங்க. சும்மா இருங்கம்மா."

அன்னைக்கு யாரை இடுப்புல வெச்சுக்கிட்டு அலைஞ்சேனோ, அவன் சொல்லுதான்.

ஐப்பசி 14, வெள்ளி

வெக்கை. மேகம் கலைஞ்சுட்டு. விதைச்சவன் எல்லாம் வானத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பான்.

காலைல சேலை மாத்திக் கிளம்பிட்டேன். வாசல்ல நிக்கும்போது போன்ல டிங்குன்னு சத்தம். பென்சன் ஏறிட்டு. செருப்பைக் கழத்திட்டு உள்ள வந்து உக்காந்தேன்.

மத்தியானம் போவோம்னு இருந்தேன். சோறு வடிச்சேன். மூணு மணி. நாலு மணி. அஞ்சே முக்காலுக்கு, இனி ஆபீஸ் பூட்டியிருக்கும்னு நினைச்சதும் நெஞ்சுல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க. அதை மட்டும் என்னால மன்னிக்க முடியலை.

ஐப்பசி 17, திங்கள்

மழை. நல்ல மழை. கரிசல் ஒட்டிக்கிட்டுச் செருப்பு ரெண்டும் ஆளுக்கு ஒரு கிலோ.

போனேன். மூணு மாடியும் ஏறினேன். கடுதாசியை மேசையில வெச்சு, "அந்த டீச்சர் நான்தான். தப்பு என்னோடது"ன்னேன்.

அந்தப் பொண்ணு படிச்சுட்டு, மடிச்சு என் பக்கமே நகர்த்தி வெச்சுச்சு. "எனக்குத் தெரியும்மா. வெள்ளிக்கிழமை காலையிலயே முனியசாமி வந்து காகிதத்தை எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு."

"ஏனாம்?"

"டீச்சர் கடுதாசி கொடுத்தா மேல அனுப்பிப் பாக்கலாமேன்னு நான்தான் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. 'எனக்குக் கை எட்டலை. டீச்சர்தான் தலையைச் சாச்சுப் பிடிச்சாவ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவிய சேக்கலைன்னா நான் ஆட்டுக்குப் பின்னால போயிருப்பேன். அவியளை இதுல இழுக்காதீங்க'ன்னாரு."

அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என் வீட்டுல சீனியில்லாத காபி குடிக்கும்போதே தெரிஞ்சிருக்கு.

இப்ப எடுத்துக்கிட முடியுமான்னு கேட்டேன். "முடிஞ்சுட்டும்மா"ன்னு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுச்சு. படிக்கட்டுல உக்காந்து அழுதேன். போறவங்க பார்த்தாங்க, பார்க்கட்டும்.

அவன் வீட்டுக்குப் போன் போட்டேன். பெண்டாட்டி எடுத்தா. "நேத்தே திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டாவ டீச்சர். போன வெள்ளாமைக் குதிரைவாலி ஒரு பை உங்களுக்குக் கொடுத்து விடச் சொன்னாவ. தோலோடதான் இருக்கு, கோவிச்சுக்கிட வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ."