நாலு பச்சை விளக்கு

17.11.2011, வியாழன்

தக்கலை ஸ்டூடியோவில் இருந்துகொண்டு குளச்சல் வீட்டுக் கம்ப்யூட்டரை நெட் வழியாகத் திறக்க இன்று முடியவே இல்லை. காலையில் அதை ஓடவிட்டுத்தான் கிளம்பினேன். கல்யாண ஆல்பம் டிசைன் அதில்தான் இருக்கிறது.

வீட்டு லேண்ட்லைனை என் மனைவி ஸ்டெல்லா எடுக்கவில்லை. செல்லில் கூப்பிட்டேன்.

"ஏட்டி, மோடத்துல எத்தன லைட்டு எரியுது?"

"நில்லுங்க, பாத்துச் சொல்லுதேன்." நடக்கும் சத்தம், ஒரு கதவு திறக்கும் சத்தம். "நாலும் பச்சையா எரியுது."

அப்படியென்றால் கோளாறு ஸ்டூடியோவில்தான் என்று நம்பினேன். சாயங்காலம் வரை இங்குள்ள மோடத்தைக் கழற்றி மாட்டினேன், வயரை மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆல்பம் வாங்க வந்த பெண்வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. சாப்பாட்டுக்குத் தோசை இல்லை, கஞ்சிதான். மாவு ஆட்டவில்லையா என்று கேட்டேன்.

"கரண்டு இருந்தாத்தானே ஆட்டதுக்கு? காலத்த நீங்க எறங்குனதும் போச்சு. இருட்டுன பொறவுதான் வந்துது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மோடம் விஷயம் அவளுக்கு நினைவே இல்லை. பீடி வாங்கப் போவதுபோல் முக்குக் கடைக்குப் போய் விசாரித்தேன். பகல் முழுக்கத் தெருவிலேயே கரண்ட் இல்லையாம். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் கிடையாது.

இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்த நாலு பச்சை விளக்கையும் இவள் எந்த வீட்டில் நின்று எண்ணினாள்?