குண்டூசி தட்டுப்படாத விரல்

மார்ச் 4
காலையிலேயே வக்கீலம்மா கடைக்கு வந்து சண்டை. நேற்று நான் தைத்துக் கொடுத்த கோட்டின் கை விளிம்பில் குண்டூசி. மணிக்கட்டில் கீறல். இருபத்தாறு வருடமாகத் தையல் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துத்தான் துணியைக் கொடுக்கிறேன். நேற்றும் ஓட்டினேன். தட்டுப்படவில்லையே!

மார்ச் 11
என் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியவில்லை. தையல்காரிக்கு! வீட்டுக்காரர்தான் போட்டுவிட்டார். "ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு" என்கிறார். கடையில் இஸ்திரி போடுகிறவருக்கு டாக்டர் என்று நினைப்பு. நடந்தால் கால் வேறு பின்னுகிறது.

மார்ச் 29
கையைக் காட்டப் போனால் கழுத்தைப் படம் எடுத்தார்கள். எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நெரிக்கிறதாம். வலியே இல்லையே எனக்கு!

"ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம்மா. போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது. தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர்.

அக்கா போனில் கத்தினாள். "கழுத்துல கத்தி வைக்கவா? உனக்கென்ன பைத்தியமா?"

ஏப்ரல் 2
பள்ளிச் சீருடை நாற்பது பாக்கி. அதை முடித்துவிட்டு என்று ஆபரேஷனுக்கு ஜூனில் தேதி கேட்டுவிட்டேன்.

மே 17
குளியலறையில் விழுந்தேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை. எல்லாம் என் வீம்பு. சீருடை சீருடைன்னு கிடந்தேனே, எவன் கேட்டான்? பயமாயிருக்கு. இந்தக் கை போச்சுன்னா நான் யாரு?

மே 19
நாளைக் காலை ஆபரேஷன். பின்கழுத்தைத் திறந்து, எலும்பை எடுத்து, தண்டுவடத்துக்கு இடம் விடுவார்களாம். "இறுக்கமான தையலைப் பிரிச்சு விடற மாதிரிதானே?" என்றேன். டாக்டர் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

மே 23
கழுத்துப் பட்டையோடு எழுதுகிறேன். எழுத்து கோணல். கால் அசைகிறது.

ஆகஸ்ட் 8
படி ஏறுகிறேன். விரல்கள் அப்படியே. "ஏப்ரல்லயே பண்ணியிருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் என் விரல்களை மடக்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தேறலாம்மா" என்றார். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

செப்டம்பர் 1
கடையைத் திறந்தோம். வீட்டுக்காரர் பழக்கத்தில் இஸ்திரி மேசைக்குப் போனார்.

"அங்க எங்க போறீங்க?" தையல் மெஷின் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துக் காட்டினேன்.

"அது உன் இடமாச்சே."

"தெரியும். உட்காருங்க. மெதுவா மிதிங்க."

அவர் போட்ட முதல் தையல் கோணல். பிரிக்கச் சொன்னேன்.