நாலாம் பக்கத்தின் கடைசி வரி

உதேனா,
ஆகஸ்ட் 11

அன்புள்ள வைவாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு வேறு எண்ணம் இல்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்காதே, அதை இனி உன்னிடம் சொல்வதாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று தடவை போன் செய்தும் நான் எடுக்காததற்கு, எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னாராம். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. என் வாய்தான் உன்னிடம் அளவுக்கு மேல் பேசிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் ஜூன் மாத வீரர் தேர்வில் நீ வேலை பார்க்கும் அமெரிக்கக் கூடைப்பந்து அணியே தம்பி நேரியுஸின் பெயரை எடுத்தபோது போனில் நீ கத்திய கத்தலில் அப்பா முகம் மழிக்கும்போது தாடையை வெட்டிக்கொண்டார். இப்போதைக்கு அவன் லிதுவேனியாவிலேயே ஆடட்டும், தேறியதும் அழைத்துக்கொள்கிறோம், அதுவரை அவன்மேல் உரிமை எங்களுடையது என்றார்கள். வெளிநாட்டுப் பையன்களைப் பார்த்து யார் தேறினான், யார் தேறவில்லை என்று எழுதுவதுதானே உன் வேலை, அதனால் அன்றைக்கே கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "தம்பி விஷயத்துல நான் தலையிட மாட்டேம்மா, அவனை வேற ஆளு பாக்குறாங்க, நீ என்கிட்ட எப்பவும் போல பேசு" என்றாய். நானும் எப்பவும் போல பேசினேன். முட்டியில் நீர் எடுத்ததைச் சொன்னேன், பயிற்சியாளரோடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதைச் சொன்னேன், தூக்கமில்லாமல் புரள்வதைச் சொன்னேன். மகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது.

இந்தக் கோடையில் கூப்பிடுவார்கள் என்று நம்பி அவன் இங்கே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் காத்திருந்தது உனக்குத் தெரியும். ஜூலையில் என்ன நடந்தது என்பதும் தெரியும். இரண்டு அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும்போது ஒரு பக்கம் கொடுக்க ஒன்றும் இல்லையென்றாலும் விதிக்காக ஏதாவது கொடுத்தாக வேண்டுமாம், அதற்கு அமெரிக்காவுக்கு வரவே மாட்டான் என்று முடிவு கட்டிய ஒருவன் பெயரை எழுதிக் கொடுப்பார்களாம். உன் அணி எழுதிக் கொடுத்த பெயர் நேரியுஸ். "குரூப் போட்டோவுல முழங்கை மட்டும் தெரியுமே, அந்த ஆளும்மா நான்" என்று சிரித்தான். சிரித்துவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றான். இங்கே அவன் இடத்தில் ஒரு லாட்வியாக்காரனைப் போட்டாகிவிட்டது. இப்போது அவனுக்கு எந்த அணியும் இல்லை.

போன வாரம் அவனுடைய முகவர் ரோலந்தஸ் வந்தார். உரிமையை வாங்கிய புது அணி, இவனைப் பற்றி உங்கள் அணி எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் அவருக்கு அனுப்பி, இதெல்லாம் உண்மையா என்று கேட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் முடிவெடுப்பார்களாம். பீட்ரூட் குளிர்சூப் மேசைமேல் இருக்க, நேரியுஸ் வரிவரியாகப் படித்து எங்களுக்குச் சொன்னான். எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில், ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறான் என்று இருந்தது. நம் வீட்டு மாடிப்படியை எந்தக் காமிரா பார்த்தது, வைவா? அவன் படிப்பதை நிறுத்தினான். ரோலந்தஸ் கரண்டியைக் கீழே வைத்தார். உன் பெயரை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "அக்கா எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையேம்மா" என்று உன் தம்பிதான் உனக்காகப் பேசினான். அப்பா, "அவ வேலை அப்படி, விடு ஆல்டோனா" என்றார். உனக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள், கவலைப்படாதே.

முட்டியைப் பற்றி எழுதியதை நான் விட்டுவிடுகிறேன். உன் அம்மா இருபத்தாறு வருஷம் இந்த ஊர் விளையாட்டரங்கில் புள்ளியும் ஃபவுலும் எழுதும் கணக்கு மேசையில் உட்கார்ந்தவள். அவனுடைய ஐந்தாவது ஃபவுலை என் கையாலேயே எழுதி அவனை வெளியே அனுப்பியிருக்கிறேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, எழுதியது எழுதியதுதான். ஆனால் நாலாம் பக்கத்தின் கடைசி வரியை அவன் படிக்காமல் தாளை மடித்தான். நான் பிடுங்கினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலம் அதற்குப் போதும். 'தாய் தடையாக இருப்பார். ஏற்கெனவே ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு இழந்தவர், இவனை விடமாட்டார்.'

அந்த ஒரு பிள்ளை நீ. நான் உன்னை இழக்கவில்லை, அனுப்பினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் பெட்டியை நான்தான் கட்டினேன், விமான நிலையத்தில் நீ அழுதாய், நான் அழவில்லை. இழந்துவிட்டேன் என்பதை அந்நியர்களுக்கு நீ எழுதிய தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஊரில் யார் சொல்லியிருந்தாலும் வாசலிலேயே நிறுத்தி நாலு கேட்டிருப்பேன். நீ சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது.

மேசையில் உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரு வழக்கம். நடுவர் காட்டியது சரியாகத் தெரியவில்லையென்றால் ஊகித்து எழுத மாட்டோம். மணியடித்து ஆட்டத்தை நிறுத்தி, வாய்விட்டுக் கேட்போம். அரங்கம் முழுக்கத் திட்டும், திட்டட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். கோபத்தில் இருக்கும் தாயின் ஆசீர்வாதமும் ஆசீர்வாதம்தான். ஒன்றை மறக்காதே: மாதம் முடியும் முன் அந்தக் கடைசி வரியைத் திருத்தி, உன் பெயரைப் போட்டு, புது அணிக்கு எழுது. வேலைக்கு ஆபத்து வருமா என்று எனக்குத் தெரியாது, யோசித்துக்கொள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் போன் செய், எடுக்கிறேன். மூன்று வருஷமாக அவன் முட்டியைக் கேட்டாய், தூக்கத்தைக் கேட்டாய், பசியைக் கேட்டாய். அவனை விடுவாயா அம்மா என்று ஒரு தடவைகூட நீ என்னிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆல்டோனா