விரலால் இறுக்கின நட்டு

1986

செப். 9, செவ்வாய்

பனிப்புகார். ஏழு மணிக்கு ரூடியின்ர வான் கீழ வந்து ஹோர்ன் அடிச்சுது. இண்டையோட அவரிட்ட வேலைக்குச் சேந்து ஒரு வருசமாம். அவர் சொல்லித்தான் எனக்கு நினைவு வந்தது. சீஸ் வைச்ச பாண் ஒண்டு கூடக் கொண்டு வந்திருந்தார். அதுதான் கொண்டாட்டம்.

போன வருசம் எங்கட வீட்டுக்கு முன்னால ஒரு பழைய இங்கிலீசுக் காரைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்ட மனிசன்தான் ரூடி. நான் குப்பை கொட்டப் போனனான். சத்தத்தைக் கேட்டிட்டு, பின் காபரேட்டருக்குப் பெற்றோல் காணாது எண்டு கையால காட்டினன். வாயில பாசை இல்லை. அவர் அதைத் திருகிப் பாத்தார், சரிவந்தது. யாழ்ப்பாணத்தில பன்னிரண்டு வருசம் ஏ-40, மைனர் எண்ட இங்கிலீசுக் காருகளுக்குக் கீழ படுத்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை. அதே காபரேட்டர், அதே அங்குல நட்டு. இங்க சுவிசில மற்ற மெக்கானிக்மாரிட்ட மில்லிமீற்றர் ஸ்பனர்தான்.

இண்டைய வேலை:
- லங்னாவ், டொக்டரின்ர ஸ்பிட்ஃபயர் கார். ரியூனிங். பத்தரைக்கு முடிஞ்சுது.
- அதே ஊர், ஸ்ரார்ட்டர் கழட்டிப் பூட்டினது.
- கெர்பர் ரீச்சரின்ர பச்சை மிட்ஜெட் கார். பின் இடப்பக்கம் பிரேக் சிலிண்டர் புதுசு, பைப்பும் புதுசு.

ரீச்சர் ஓய்வு எடுத்தவ. புருசன் செத்த பிறகு அந்தாளின்ர காரை விக்காமல் தானே ஓடப் பழகினவ. மலைக்கு மேல வீடு. கோப்பி குடிக்க வாங்கோ எண்டு கூப்பிட்டா. ரூடி போனார். நான் கீழ படுத்திருந்தன்.

நேற்று வந்த கடிதம் சேட்டுப் பையுக்க. ஒக். 21 என்ர அகதிக் கேஸ் விசாரணை. காருக்குக் கீழ மட்டையில படுத்துக்கொண்டு திரும்பவும் வாசிச்சன். ஜெர்மன், பாதி விளங்கேல்ல.

ரூடி வந்து, "எல்லாம் இறுக்கமோ?" எண்டார். ஓம் எண்டன். அவர் பெடலை மிதிக்க நான் பிரேக் பைப்புக்குள்ள இருந்த காத்தை எடுத்தன். பெடல் கல்லு மாதிரி.

பின்னேரம் அறையில என்னோட இருக்கிற சிவம் அண்ணை வைச்ச கத்தரிக்காய்க் குழம்பு.

செப். 18, வியாழன்

மழை.

கெர்பர் ரீச்சருக்கு அக்சிடென்ற். கார் அடிபட்டிட்டுது.

மத்தியானம் வேலைக்கு நடுவில, நாங்கள் நிண்ட வீட்டு ரெலிபோனுக்கு ரூடியின்ர மனுசி வ்ரேனி எடுத்தவ. மலை இறக்கத்தில பிரேக் பெடல் அடிவரை போட்டுதாம். கைபிரேக்கை இழுத்தாவாம், வழுக்கிக்கொண்டு போச்சாம். வளைவில பள்ளம். அதுக்குள்ள விழாமல் ஒரு பண்ணை வீட்டு விறகு அடுக்கில கொண்டுபோய் இடிச்சிருக்கிறா. காறை எலும்பும் ரெண்டு விலாவும் முறிவு. உயிர் இருக்கு. உயிர் இருக்கு.

ரூடி ரிசீவரை வைச்சிட்டு என்னைப் பாக்கேல்ல. கையைத் துடைச்சார். திரும்பத் திரும்பத் துடைச்சார்.

எனக்கு அந்த நிமிசமே தெரியும். பைப் நட்டை விரலாலதான் சுத்தினனான். போகுமட்டும் சுத்தினனான். பேந்து ஸ்பனரை எடுக்காமல் கடிதத்தை எடுத்தன்.

செப். 19, வெள்ளி

எழுத ஏலாது. எழுதத்தான் வேணும், வேற ஆருக்குச் சொல்ல.

காரைப் பண்ணையில ஒரு கொட்டிலுக்க விட்டிருந்தினம். முன் பக்கம் நசிஞ்சு போச்சு. பின் சில்லு உள்பக்கம் முழுக்கப் பிரேக் ஒயில். ரூடி ஈரச் சாணிக்குள்ள படுத்துக் கையை விட்டார். நட்டு விரலுக்கே சுத்துது.

எழும்பேல்ல. படுத்தபடி கேட்டார்:

"பிரேக் நட்டு எல்லாம் நான்தானே கடைசியாப் பாக்கிறனான்? அண்டைக்கும் பாத்தனானோ?"

அது அவற்ற சட்டம். பிரேக் எண்டால் நான் இறுக்கினாலும் அவர் ஒருக்கா ஸ்பனர் வைச்சுப் பாப்பார். அண்டைக்குப் பாக்கேல்ல. கோப்பி குடிக்கப் போனவர். வந்து என்னட்டக் கேட்டார், நான் ஓம் எண்டன். அவ்வளவுதான் நடந்தது.

நான் சொன்னது: "ஓம். நீங்கள்தான் ஸ்பனரை வாங்கினீங்கள். நான் இறுக்கிறன் எண்டு சொன்னீங்கள்."

எங்கிருந்து வந்தது அந்த வசனம்? ஒரு வருசத்தில ஜெர்மனில இவ்வளவு பிழையில்லாமல் நான் ஒண்டும் சொன்னதில்லை.

அவர் நட்டில இருந்து கையை எடுத்தார். பேந்து, "எனக்கு நினைவே இல்லை" எண்டார். சத்தம் இல்லாமல்.

பொலிஸ்காரன் வந்தான். "என்ர வேலை" எண்டு ரூடி சொன்னார். கையெழுத்து வைச்சார். நான் வானுக்குப் பக்கத்தில குடை பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

செப். 21, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்ச்சது. நாலு சேட், ரெண்டு களிசான். ஒயில் மணம் போகேல்ல.

சிவம் அண்ணைக்குச் சொன்னன். ஒரே அறைதான் ரெண்டு பேருக்கும், அவர் ஆசுப்பத்திரியில உடுப்புத் தோய்க்கிற இடத்தில வேலை. மறைக்க ஏலாது, மூண்டு நாளாச் சாப்பிடேல்ல எண்டு பிடிச்சிட்டார்.

"கேஸ் முடியுமட்டும் வாயைத் திறவாதை" எண்டார். "அந்தாள் சுவிஸ்காரன். அவனை எங்க அனுப்பப் போறாங்கள்? உன்னை எண்டால் பிளேனில ஏத்துவாங்கள்."

"அவர் தனக்கு மறதி எண்டு நினைக்கிறார், அண்ணை."

"வயசு போனால் எல்லாருக்கும் மறதிதான்."

அறுபத்திரண்டு ஒரு வயசோ?

அண்ணை சொன்னது எனக்கு ஆறுதலா இருந்தது. அதையும் எழுதி வைக்கிறன்.

செப். 24, புதன்

ஆசுப்பத்திரி. ரூடி டேலியாப் பூ வாங்கி என்னட்டத் தந்தார். நான் பூவோட பின்னால.

ரீச்சர் கழுத்துக்கும் தோளுக்கும் கட்டுப் போட்டபடி. முகத்தில ஒரு பக்கம் நாவல் பழ நிறம். ரூடி தொப்பியைக் கழட்டிப் பிடிச்சுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பள்ளிக்கூடத்தில நிக்கிற பிள்ளை மாதிரி.

"கோவம் இல்லை ரூடி. எங்களுக்கெல்லாம் வயசு போகுது" எண்டா.

பேந்து என்னைப் பாத்து, மெல்ல, எனக்கு விளங்கவேணும் எண்டு ஒவ்வொரு சொல்லாச் சொன்னா: "நீ அவரைக் கவனமாப் பாத்துக்கொள். நீ பக்கத்தில இருக்கிறது அவற்ற அதிஷ்டம்."

நான் "மெர்சி" எண்டன், நன்றி எண்டு. மெர்சி எண்டு சொன்னன்.



ஒக். 2, வியாழன்

இந்தக் கிழமை வேலை ரெண்டே ரெண்டு. மற்றதெல்லாத்தையும் ரூடி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். ஒரு எண்ணெய் வடியல் வேலை, அரை மணித்தியாலம். ஒவ்வொரு நட்டையும் ரூடி நாலு தரம் இறுக்கிப் பாத்தார். பூட்டினதும் சின்னக் கொப்பியில எழுதுறார்: எத்தினையாவது நட்டு, எத்தினை மணி. வான் கதவைப் பூட்டினார், பத்தடி நடந்தார், திரும்பிப் போய்ப் பிடிச்சு இழுத்துப் பாத்தார். மூண்டு தரம்.

சாப்பிடேக்க சொன்னார்: "என்ர அப்பாவுக்கும் இப்பிடித்தான் துடங்கினது. கடைசியில என்னையே ஆர் எண்டு கேட்டவர்."

நான் பாணைப் பாத்துக்கொண்டிருந்தன்.

ஒக். 8, புதன்

வேலை இல்லை. வானில இருந்த என்ர மேற்சட்டையை எடுக்க அவற்ற வீட்டை போனன். அவர் வெளியில. வ்ரேனி குசினியில இருத்தித் தேத்தண்ணி தந்தா. அடுப்புக்கு மேல ஒரு கடதாசி ஒட்டியிருக்கு, ரூடியின்ர எழுத்து: "அடுப்பை நிப்பாட்டினியோ?"

டொக்டரிட்டப் போனவராம். நூறில இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாங்களாம். எல்லாம் சரியாச் சொன்னாராம். டொக்டர் ஒண்டும் இல்லை எண்டவராம். வீட்டை வந்து, "அப்ப ஏன் எனக்கு அந்த நாள் நினைவில்லை?" எண்டு கேட்டுக் குசினியில இருந்து அழுதாராம்.

"முப்பத்தாறு வருசக் கலியாணம், அவர் அழுது நான் காணேல்ல" எண்டா. "நீ அங்க நிண்டனிதானே. அவர் அண்டைக்குக் குழம்பினவர் மாதிரி இருந்தாரோ?"

இப்ப சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"கொஞ்சம் களைச்சுப் போயிருந்தார்" எண்டன்.

ரெண்டாவது பொய். முதலாவதைப் பயத்தில சொன்னனான். இதை யோசிச்சுத்தான் சொன்னனான்.

ஒக். 14, செவ்வாய்

முதல் உறைபனி. காதுத் தொப்பி வாங்க வேணும். அம்மாவுக்குக் கடிதம், இன்னும் எழுதேல்ல.

ரூடி வீட்டு வாசலுக்கே வந்தார். பஸ்ஸில! வான் ஓடுறதில்லையாம் இப்ப. ஒரு என்வலப் தந்தார், விசாரணைக்குக் கொண்டு போ எண்டார். உள்ள என்னைப் பற்றி ஒரு கடிதம், தானே தட்டச்சில அடிச்சிருக்கிறார், எழுத்துப் பிழையை வெள்ளை மையால அழிச்சு அழிச்சு.

"நான் கராச்சை மூடினாலும் உனக்கு ஒரு நல்ல பேர் இருக்க வேணும்" எண்டார்.

மேல வந்து தேத்தண்ணி குடியுங்கோ எண்டு கூப்பிடேல்ல. சிவம் அண்ணை இருந்தவர். அண்ணையின்ர முகத்தில ரூடிக்கு ஏதும் தெரிஞ்சிடும் எண்ட பயம்.

ஒக். 21, செவ்வாய்

விசாரணை. எட்டரையில இருந்து பன்னிரண்டு. கறுத்தக் களிசான், சிவம் அண்ணையின்ர கழுத்து ரை.

ஊர்க் கதை எல்லாம் கேட்டாங்கள். கராச் எரிஞ்சது, தம்பிக்கு நடந்தது, நான் ஆமிக் காம்பில இருந்த பதினொரு நாள். எல்லாம் உண்மை. சொல்லச் சொல்ல உண்மையே பொய் மாதிரி என்ர காதுக்குக் கேட்டுது.

முடிவில ரூடியின்ர கடிதத்தைக் குடுத்தன். அதிகாரி வாசிச்சிட்டு மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்தார், உமக்கு என்ன எழுதியிருக்கு எண்டு தெரிய வேணும்தானே எண்டு. அந்த மனிசி தமிழில வாசிச்சா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில தேவாரம் சொல்லிற மாதிரி நிதானமா:

"இவர் என்னோடு வேலை செய்த ஒரு வருடத்தில் ஒரு தரமும் என்னிடம் பொய் சொன்னதில்லை. என் கைகளை நான் நம்ப முடியாத இந்த நேரத்தில், இவருடைய கைகளை நம்புகிறேன்."

அதிகாரி தலையாட்டினார். கடிதத்தைக் குத்தி ஃபைலில போட்டார்.

வெளியில வந்து எந்தப் பஸ் எண்டு பாக்காமல் ஏறினன். கடைசித் தரிப்பில இறக்கிவிட்டாங்கள். நடந்து வந்தன். வெள்ளைக்காரர் பாத்தால் பாக்கட்டும் எண்டு அழுதுகொண்டுதான் வந்தன்.

ஒக். 23, வியாழன்

சொல்லிப்போட்டன்.

காலமை பத்து மணி. ரூடி பின் வளவில இலை கூட்டிக்கொண்டு நிண்டார். தும்புத்தடியை வைக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரேல்ல. சொல்ல வேண்டிய ஜெர்மன் வசனத்தைப் பஸ்ஸில பாடமாக்கிக்கொண்டு போனது, எல்லாம் மறந்து போச்சு. துண்டு துண்டாத்தான் வந்தது.

"நட்டு நான். விரலாலதான். நீங்கள் தொடேல்ல. நீங்கள் உள்ள கோப்பி குடிச்சீங்கள். நான் பொய் சொன்னது."

"திரும்பச் சொல்லு" எண்டார்.

சொன்னன்.

"ஸ்பனரை நான் வாங்கேல்லையோ?"

"இல்லை."

"நான் இறுக்கிறன் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை. நீங்கள் கேட்டீங்கள், இறுக்கமோ எண்டு. நான் ஓம் எண்டன்."

"ஓம்" எண்டார். "ஓம். கேட்டனான். அது எனக்கு நினைவிருக்கு." ஒரு கையால மரத்தைப் பிடிச்சார். "ரீச்சர் வட்டமான பிஸ்கட் தந்தவ. அதுவும் நினைவிருக்கு. எல்லாம் நினைவிருக்கு."

சிரிக்கிற மாதிரி இருந்தது. பேந்துதான் கோவம். அப்பிடி ஒரு கோவத்தை அவரிட்ட நான் காணேல்ல. சத்தம் போடேல்ல.

"பாக்காமல் விட்டது என்ர பிழை, அதுக்கு நான் கையெழுத்து வைச்சது சரி. ஆனால் அஞ்சு கிழமை. அஞ்சு கிழமை நான் விடிய எழும்பி என்ர மனுசியின்ர பேரைச் சொல்லிச் சொல்லிப் பாத்தனான், மறந்திட்டனோ எண்டு. நட்டு ஆருக்கும் தவறும். இதை நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"எனக்கு முன்னால சாப்பிட்டுக்கொண்டு."

"ஓம்."

ஏன் எண்டு அவர் கேக்கவே இல்லை. கேட்டால் சொல்ல எண்டு விசாரணை, பிளேன், தம்பி எல்லாம் வைச்சிருந்தன். கேக்கேல்ல.

வ்ரேனி யன்னலுக்கு அங்கால நிண்டு கேட்டிருக்கிறா. கதவு திறக்கேல்ல. யன்னலைச் சாத்தினா.

"போ" எண்டார் ரூடி. போனன்.

ஒக். 25, சனி

ரீச்சர் வீட்டை தனிய. மஞ்சள் பஸ், பேந்து மேல நடை, நாப்பது நிமிசம். அந்த வளைவைக் கடந்து போனன். வ்ரேனி சொன்ன பள்ளத்தை எட்டிப் பாத்தன். கீழ ஆறு.

சொன்னன். வாசலில நிண்டபடி. இடக் கையை இன்னும் தூக்க ஏலாது அவவுக்கு.

கதவுநிலையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா: "பூ கொண்டு வந்த அண்டைக்கு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"நான் உனக்குச் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டாய்."

"ஓம்."

"பொலிசுக்கும் போய்ச் சொல்லு" எண்டா. "இண்டைக்கே. நாளைக்கு எண்டால் போகமாட்டாய்." ரீச்சர்மாருக்குத் தெரியும்.

போனன். அதே பொலிஸ்காரன். எழுதினான். என்ர பேரை எழுத்து எழுத்தாச் சொல்ல நாலு தரம் எடுத்துது. உம்மட கேசுக்கு இது போகும், போகாது, எனக்குத் தெரியாது எண்டான்.

சிவம் அண்ணை என்னோட கதைக்கிறேல்ல. கதைக்காமல் சோறு மட்டும் போட்டு வைக்கிறார்.

ஒக். 28, செவ்வாய்

மழையோட பனி. ஏழு மணிக்கு வழக்கம்போலச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தது, போக இடம் இல்லை எண்டு பேந்துதான் மனதில ஓடினது. வேலை போச்சு எண்டு ஒஃபிசில எழுதிக் குடுக்க வேணும். சிவம் அண்ணை வாய் திறந்தார்: தங்கட இடத்தில ஆள் எடுக்கினமாம், ஈர உடுப்புப் பாரம், முதுகு தாங்குமோ எண்டார். தாங்கும் எண்டன்.

பதினொரு மணிபோல கீழ் வீட்டு மனிசி கதவில தட்டினா, எனக்கு ரெலிபோன் எண்டு. வ்ரேனி.

"நீ இனி இங்க வராதை" எண்டா. "என்னால உன்னைப் பாக்க ஏலாது. எப்பவாவது ஏலுமோ தெரியாது."

சரி எண்டன்.

வைக்கேல்ல. மூச்சுக் கேட்டுது.

"ஒண்டு சொல்லத்தான் எடுத்தனான்" எண்டா. "இண்டைக்கு விடிய வானை எடுத்துக்கொண்டு லங்னாவுக்குப் போட்டார். தனிய. தாடி வழிக்கேக்க பாடினவர்."

வைச்சிட்டா.

கீழ் வீட்டு மனிசி நல்ல செய்தியோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். இந்தத் தரம் அது பொய்யில்லை. ஆனாலும் அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் கிடந்தது.