அழிச்ச செயின்

தை 8, வியாழன்

பனி. கொடியில் போட்ட துணி பத்து மணிக்கும் ஈரம். சு. 171. (டாக்டரம்மா தினமும் சுகரை எழுதச் சொன்னதற்குத்தான் இந்த நோட்டு. சுகருக்கு ஒரு வரி போதும். மீதித் தாள் சும்மா கிடப்பானேன்.)

அனு வந்தாள். மகள் மீனாவின் ஒரே பெண். கோவளத்தில் கடலுக்குள் முங்கப் படிக்கிறாள். நாளைக்கு ஒரு நாள் நீச்சல் குளம், ஞாயிறு கடல். அவள் அப்பன் பாபு தன்னுடைய முங்கல் வாட்சைக் கொடுத்துவிட்டான். கப்பலுக்கு அடியில் முங்கி வேலை செய்தவன். ஒரு காது போயிற்று, இனிமேல் முங்கக்கூடாதாம்.

நல்ல கனம். கறுப்பு முகம், சுற்றிலும் திருகுகிற வளையம். ரப்பர் வார் ஓட்டைக்கு ஓட்டை வெடித்துக் கிடக்கிறது.

கிழக்கேகோட்டை போனோம். வெற்றிலை, என் மாத்திரை, தேங்காய்த் துருவி (பழையது கைப்பிடி போச்சு), பிறகு வாட்சுக் கடை. கடைக்காரர் தென்காசிப் பக்கம்.

"ரப்பரா, ஸ்டீலா மக்களே?"

"எது நல்லது மாமா?"

"தண்ணிக்கு ரப்பர். கல்யாண வீட்டுக்கு ஸ்டீல்."

"அச்சனுக்கு ஸ்டீல்தான் இஷ்டம். இதோட ஒரிஜினல் ஸ்டீல் செயினுதான். அது பெரிய காமெடி மாமா. ஆச்சி அதை ஆக்ரிக்காரனுக்குப் போட்டுட்டா!"

ஆக்ரிக்காரன் என்றால் பழைய சாமான்காரன். அப்புறம் முழுக் கதையும் சொன்னாள். ஓணத்துக்கு ஓணம் இலையில் சோறு விழுந்ததும் அவள் அப்பன் சொல்கிற அதே கதை, அதே மூச்சில். "அச்சன், செயினை அழிச்சு வெச்சிருக்கேன்னு மலையாளத்துல சொன்னாரு. அழிச்சுன்னா கழத்தி. ஆச்சி தமிழ்ல எடுத்துக்கிட்டா. நகையை அழிச்சு உருக்குவாங்கல்ல, அப்படி அழிக்கச் சொல்றாருன்னு தூக்கிப் போட்டுட்டா!"

கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர். "அம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க, இன்னும் மலையாளம் ஏறலியா ஆச்சி?"

"ஏறலை" என்றேன். நானும் சிரித்தேன்.

ஒரிஜினல் இப்போது எங்கும் கிடைக்காதாம். அதே சாயலில் ஒரு ஸ்டீல் செயின் சனிக்கிழமை சாயங்காலம் வரும் என்றார். வார் மாட்டுகிற வாட்சுக் காதில் அது சரியாக உட்காராது, உள்ளே நிற்கிற குச்சியும் மெலிசு. "கடலுக்குள்ள எதிலயாவது தட்டிச்சுன்னா குச்சி தெறிச்சிரும். வாட்சு மீனுக்குத்தான்."

"பரவால்ல, கொண்டு வாங்க. நான் கரையேறி வரும்போது அச்சன் அதைப் பாக்கணும்" என்றாள் இவள். பிடிவாதம். என் வம்சம்.

தை 9, வெள்ளி

வெயில். சு. 203. மாத்திரை தப்பவில்லை.

எனக்கு மலையாளம் தெரியும். எங்கேயாவது ஓரிடத்தில் இதை எழுதியாக வேண்டும். கரமனைச் சந்தையில் மீன்காரியிடம் மலையாளத்திலேயே சண்டை போட்டு ஜெயித்தவள் நான். கெட்டை அழி, முடியை அழி, செருப்பை அழி என்று தினமும் காதில் விழுகிற சொல். அது எனக்குத் தெரியாதா?

நடந்தது இது. வீட்டுக்காரரின் பதினாறு கழிந்த மறுநாள். பதினொரு வருஷம் ஆகிறது. பாபு வேலைக்குத் திரும்புகிற அவசரத்தில் வாட்சிலிருந்து ஸ்டீல் செயினைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ரப்பரை மாட்டிக்கொண்டான். "அம்மே, செயின் அழிச்சு வெச்சிட்டுண்டு. ஒண்ணு எடுத்து வெச்சேக்கணே" என்றான். எடுத்து வைத்தேன். வீட்டுக்காரரின் கண்ணாடிக் கூட்டுக்குள்.

அடுத்த மாசம் வந்து கேட்டான். சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "அழிக்கத்தானே சொன்னது? பழைய சாமான்காரன் கொண்டு போயிட்டான்." நான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. 'வாங்க' இல்லை, 'மாப்ளே' இல்லை. எல்லாம் சுவருக்குத்தான்.

முதலில் திகைத்தான். பிறகு சிரித்தான். "சாரமில்ல அம்மே." போகட்டும் என்கிறான். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் கிளம்பி, சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை ஒவ்வொன்றாகத் தேடப் போனான். சாயங்காலம் வெறுங்கையாக வரவில்லை. எனக்கு இரண்டு சீப்பு ரசகதலி வாங்கி வந்தான். தின்றேன்.

ஏன் செய்தேன்?

1. மீனாவை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டினான். எங்களுக்குச் சொன்னது மூன்றாம் நாள்.
2. என் ரசத்தைக் குடித்துவிட்டு "கொள்ளாம்" என்றான். நன்றாயிருக்கிறது என்றுதான் அர்த்தம். தெரியும். ஆனாலும்.
3. வீட்டுக்காரரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கும்போது தலைமாட்டில் நின்று அந்த வாட்சைப் பார்த்தான். மூன்று தடவை. பஸ்ஸுக்கு நேரமாகிறவன் மாதிரி.

மூன்றாவதுதான். மற்றதெல்லாம் சும்மா.

மத்தியானம் கூட்டைத் திறந்தேன். செயின் கறுக்கவில்லை. ஒரு கண்ணியில் அவன் கைமயிர் ஒன்று மாட்டியிருக்கிறது, இன்னும். மூடி வைத்தேன். தேங்காய்த் துருவி நன்றாக ஓடுகிறது.

தை 10, சனி

மேகம். சு. 190. மோர்க்குழம்பு, சேனை வறுவல். அனு சாப்பிட வந்தாள். மூக்கு சிவந்து கிடந்தது.

"என்னட்டி ஆச்சு?"

"நேத்து குளத்தடியில மாஸ்க்குக்குள்ள தண்ணி கேறிடுச்சு ஆச்சி. பேடிச்சுப் போயிட்டேன்." பயந்துபோனாளாம்.

"மேல வந்திருக்க வேண்டியதுதானே?"

"அப்படி வரக்கூடாது. பேடி வந்தா உடனே வாட்சைப் பாக்கணும். முள்ளு ஒரு சுத்து வர்றதுவரை மெள்ள மூச்சு விடணும். அச்சன் சொல்லித் தந்ததுதான். அச்சன் கரையிலயும் அதைத்தான் செய்வாரு. நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வாட்சையே பாத்துட்டிருந்தாராம். பிள்ளை பெறப் போனவளை விட்டுட்டு நேரம் பாக்கிறாரேன்னு அம்மா இன்னும் ஏசும்."

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். ஊற்றினேன். இலைக்கு வெளியே ஊற்றினேன்.

சாயங்காலம் கடைக்குப் போகிறேன், ஸ்டீல் வந்திருக்கும் என்றாள். அவள் போனதும் கண்ணாடிக் கூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மீனா வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

மீனா வேலையில். பாபு மட்டும் வீட்டில், காதில் பஞ்சோடு. நாற்காலி எடுத்துப் போட்டான். உட்காரவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எந்தா அம்மே?"

மறுபடி சொன்னேன்.

"இந்த காது கேக்கில்ல. கொஞ்சம் உறக்கச் சொல்லுங்க."

உறக்க என்றால் சத்தமாக. அதுவும் எனக்குத் தெரியும். கத்தினேன். "செயினை நான் யாருக்கும் போடலை! ஒளிச்சு வெச்சேன்! தெரிஞ்சேதான் செஞ்சேன்!" பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை. கூட்டை மேசைமேல் வைத்தேன்.

அவன் திறந்து பார்க்கவில்லை. "அறியாம் அம்மே" என்றான். தெரியுமாம்.

"எப்படி?"

"உங்க தெருவுக்கு வர்ற ஆக்ரிக்காரனைத் தேடிப் பிடிச்சேன். அந்த மாசம் முழுக்க அவன் ஊர்லயே இல்ல. மகளுக்குக் கல்யாணம்."

"பின்னே எதுக்கு ஓணத்துக்கு ஓணம் அந்தக் கதை?"

"கதை இல்லேன்னா மீனா கேக்கும், தேடும். சிரிச்சுட்டா பின்னே ஆரும் தேடில்ல."

என்னைக் காப்பாற்றினானா, பதினொரு வருஷம் இலைக்கு இலை என்னை முட்டாளாக உட்கார வைத்தானா? இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. அன்றைக்குத் தலைமாட்டில் நின்று வாட்சை ஏன் பார்த்தாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அவனே அனுவுக்குப் போன் போட்டான். "மோளே, கடையில ரப்பர் கெட்டினா மதி, அது போதும். தண்ணிக்கு அதுதான். ஸ்டீல் இவிடே உண்டு." அந்தப் பக்கம் அனு என்னவோ கேட்டாள். இவன் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆச்சிக்கு எங்கேயோ கிடைச்சுது" என்றான்.

வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டேன்.

தை 11, ஞாயிறு

கோவளம். நல்ல வெயில், காற்று இல்லை. சுகர் பார்க்கவில்லை.

காரில் போகும்போது மீனா கேட்டாள், "எங்கேம்மா கிடைச்சுது?" பாபு வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "கிடைக்கலை. நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன், அழிச்சுன்னா என்னன்னு தெரிஞ்சே." அனு பின்னால் திரும்பி என்னையே பார்த்தாள். மீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. என் மகள்தானே. எத்தனை வருஷமோ.

அனு கறுப்பு உடுப்பு போட்டு, அதன்மேல் வாட்சைக் கட்டினாள். புது ரப்பர், நீளம். ஸ்டீல் இந்த உடுப்புக்குமேல் பூட்டவே பூட்டாதாம், அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "கரைக்கு வந்ததும் ஸ்டீல் மாத்தித் தரணும் அச்சா" என்றாள். அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளினாள். வலிக்கத்தான் கிள்ளினாள்.

படகு தூரத்தில் நின்றது. ஒவ்வொருவராகத் தண்ணீரில் விழுந்தார்கள். அப்புறம் தண்ணீர் மட்டும்.

மீனா குடைக்கடியில். அவர் நின்றுகொண்டே இருந்தார். இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வாட்சு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. கையை இறக்கினார். கடலைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். மூன்றாம் தடவை.

மணலில் நடப்பது எனக்குக் கஷ்டம். சுற்றிக்கொண்டு அவருடைய நல்ல காதுப் பக்கம் போய் நின்றேன்.

"மூச்சு விடுங்க மாப்ளே" என்றேன்.

விட்டார்.