தூக்கிக் கட்டிய நெல்

ஜனவரி 19
தை பிறந்தும் மழை விடவில்லை. அறுப்புக்கு நின்ற நெல் அவ்வளவும் சாய்ந்துவிட்டது. என் வயல், எனக்குக் கீழே மாடத்தி வயல், அதற்கும் கீழே எல்லாம். சேதம் பார்க்க அதிகாரி வருவாராம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் நிவாரணமாம்.

மாடத்தி வரப்பில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, ஆபீசர் பாக்குத வரைக்கும் கை வைக்காதீங்க. இந்தப் பணம் வந்தாத்தான் நான் அடுத்து கார் நெல்லு நட முடியும். இல்லன்னா கொழுந்தன் வயல வித்துருவான்."

புருஷன் போனபின் ஒற்றையாளாய் அதை வைத்திருக்கிறவள். ஆனாலும், கிடக்கிற நெல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? அது என்ன வெள்ளாமை?

ஜனவரி 21
நேற்றும் இன்றும் தூக்கிக் கட்டினேன். நாலைந்து தூரைச் சேர்த்து, அதன் தாளாலேயே முடிச்சு. இடுப்பு கழன்றுவிட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் சாய்ந்த வயல் என்று ஒருவனும் சொல்ல மாட்டான்.

ஜனவரி 23
வந்தார்கள். கீழே ஒரே சேறு என்று ஜீப் என் வயலோடு நின்றுவிட்டது.

"நல்லாத்தானே நிக்கு, பெரியவரே?" என்றார் அதிகாரி.

என் வாய் சும்மா இருந்ததா? "பாடுபட்டா நிக்கும் சார். படுக்கப் போட்டுட்டுக் கை நீட்டுதவன் நான் இல்ல."

சிரித்தார். "அப்ப இந்தப் பக்கம் சேதம் கம்மிதான்." எழுதிக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். மாடத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் ஓடி வந்தாள். ஜீப் போய்விட்டது. என்னைப் பார்த்தாள். திரும்பி நடந்துவிட்டாள்.

கீழே போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை — ஏன் வரவில்லை?

ஜனவரி 30
கட்டின நெல்லும் கதிரிலேயே முளைத்துவிட்டது.

வடிவம்மாள் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒம்ம கையி, ஒம்ம வாயி. ரெண்டுல ஒண்ணாவது சும்மா இருந்திருக்கலாம்." பெண்டாட்டியும் மாடத்தி கட்சிதான்.

பிப்ரவரி 10
தென்காசிக்குப் போய் மனு கொடுத்தேன். நானே எழுதியது. பள்ளிக்கூடம் போகாதவன் எழுத்து என்று யாரும் சொல்ல முடியாது. என் வயலைத் தள்ளிவிட்டுக் கீழ் வயல்களைப் பாருங்கள் என்று கேட்டிருந்தேன்.

"கணக்கு முடிஞ்சு மேல போயிட்டு அய்யா. அறுத்தும் முடிச்சிருப்பாங்க. இனி என்னத்தப் பாக்க?" என்றார் ஆபீஸ் குமாஸ்தா.

ரோட்டை விட்டு இறங்காதவர் மேல் தப்பில்லையா? என் மேல் மட்டுமா? சத்தம் போட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது பண்பொழி மலைமேல் முருகன் கோயில் தெரிந்தது. கை கூப்பத் தோன்றவில்லை.

மே 4
கார் நடவுக்கு விதைநெல் தருகிறேன் என்று மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. கை நீட்டுதவ நான் இல்ல."

அன்றைக்கு ஓடி வரும்போதே காதில் விழுந்திருக்கிறது.

ஜூலை 2
சாரல். கொழுந்தன் வயலை விற்றுவிட்டான். மாடத்தி குற்றாலத்தில் சீசன் கடையில் பழம் விற்கிறாளாம். போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 26
மறுபடி மழை. கார் நெல் சாய்ந்துவிட்டது. இறங்கினேன். முதல் தூரைச் சேர்த்துப் பிடித்தேன். விட்டுவிட்டேன். வரப்பில் உட்கார்ந்திருந்தேன். சாய்ந்த நெல் முன்னால் சும்மா உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 1
அதே அதிகாரி. "செருப்பைக் கழத்துங்க சார்" என்று வரப்போடு கூட்டிப்போனேன், கடைசி வயல் வரை. எல்லாரையும் எழுதிக்கொண்டார்.

என் வயலுக்கு அடுத்த கீழ் வயலில் வீட்டு மனைக்கல் நட்டிருக்கிறது.

"இது யாரோடது?" என்றார்.

"தாண்டி வாங்க சார்" என்றேன்.