பிரேக் ஷூவில் பூசிய கிரீஸ்

செவ்வாய், இரவு

எங்கள் பழைய பைக்கின் பின் பிரேக்குக்கு இன்று வீடியோ பார்த்து நானே புது ஷூ போட்டேன். எங்கள் கல்லடி ஊரின் கடல் உப்புக் காற்றில் துருப்பிடிக்காமலிருக்க எல்லா இரும்புக்கும் கிரீஸ் பூசுவோமே, அதே பழக்கத்தில் ஷூவுக்கும் பூசிவிட்டேன்.

அண்ணன் முற்றத்தில் பைக்கை மெல்ல உருட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். "முந்தி கீச்செண்டு கத்தும், இப்ப சத்தமே இல்ல. இனி நீதான்டா நம்மட மெக்கானிக்!" சிரித்துக்கொண்டே அதே பைக்கில் பாசிக்குடா ஹோட்டலுக்கு இரவு வேலைக்குப் புறப்பட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இப்போதுதான் வீடியோவை முடிவுவரை பார்த்தேன். ஷூவில் கிரீஸ் பட்டால் வழுக்கி, பிரேக் பிடிக்காதாம்! முன் பிரேக்கும் சரியில்லை.

திரும்பத் திரும்ப அண்ணனுக்குக் கோல் எடுக்கிறேன். ரிங் போகிறது, அவர் எடுக்கவில்லை. பைக் ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியதே நான்தான்.